திங்கட்கிழமை புறப்படும் ஒரு சொல்

ஆங்கில எழுத்தில் ஐந்தே எழுத்து, கூடவே ஒரு கேள்விக்குறி. "மாம்போ?" கென்யாவில் தெருவில் எதிர்ப்படும் சிநேகிதனைப் பார்த்துக் கேட்கிற கிஸ்வாஹிலிச் சொல் அது. 'ஜாம்போ' என்றால் விஷயம். 'மாம்போ' அதன் பன்மை. நம் ஊரில் டீக்கடை வாசலில் நிற்பவரிடம் "என்ன சேதி?" "என்ன சமாச்சாரம்?" என்று கேட்டபடி சைக்கிளை நிறுத்துவோமே, அதே குரல்தான். கேட்கிறவருக்குச் செய்தி எதுவும் தேவையில்லை. எதிரில் இருப்பவர் நன்றாக இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும்.

2007ஆம் ஆண்டு இந்தச் சொல் எச்.ஐ.வி. சிகிச்சைக்குள் நுழைந்தது. அதன் பிறகு அது போன இடங்கள், ஜெயித்த இடம், தோற்ற இடம் எல்லாவற்றையும் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்வதுபோலச் சொல்லலாம் என்று எனக்குப் பல நாளாக ஆசை.

சொல்லுக்கு முன் அது ஏறிவந்த வண்டியைச் சொல்ல வேண்டும். 1985இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்கிற பொறியாளர் தட்டச்சு இயந்திரத்தில் வாக்கியங்களை அடித்து அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியது பெரும்பாலும் 160 எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று கண்டார். தொலைபேசி வலை தன் உள்வேலைக்காக வைத்திருந்த சமிக்ஞைத் தடத்தில் மிச்சமிருந்த சந்துக்குள் அந்த அளவு பொருந்தியது. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளைஞர் கணினியிலிருந்து முதல் குறுஞ்செய்தியை அனுப்பினார். அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. (தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துதான். அதிலும் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். நம் மொழிக்கு அந்த வண்டியில் இடம் குறைவு.)

குறுஞ்செய்திக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பொறுமை. அழைப்பு என்றால் மறுமுனையில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் அறுந்துபோகும். குறுஞ்செய்தி அப்படிப் போய்விடாது. அனுப்பியதும் நிறுவனத்தின் செய்தி மையத்தில் போய் உட்காரும். பெறுகிறவரின் கைப்பேசி அணைந்திருந்தால், கோபுரத்தின் எல்லைக்கு வெளியே ஆடு மாட்டோடு போயிருந்தால், சார்ஜ் போடக் கடையில் கொடுத்திருந்தால், அது காத்திருக்கும். கைப்பேசி உயிர்பெற்றதும் போய்ச் சேரும். மின்சாரம் இல்லாத வீடுகள் நிறைந்த நாட்டில் இந்தக் குணம் பெரிய உபகாரம்.

2007இன் கென்யாவைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். எட்டு வருடத்துக்கு முன்புதான் அந்நாட்டு ஜனாதிபதி எய்ட்ஸைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்திருந்தார். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது. அந்த ஆண்டு எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசாவைத் தொடங்கியது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் குறுஞ்செய்தியை நம்பிப் பணத்தை ஒப்படைக்கப் பழகினார்கள். மருந்து வந்துவிட்டது, கைப்பேசியும் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஒருவர் வேண்டியிருந்தது.

கூட்டு மருந்தின் கஷ்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாத்திரையை நாள் தவறாமல், ஆயுள் முழுக்கப் போட வேண்டும். விட்டு விட்டுப் போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. மாற்று மருந்து விலை அதிகம், அன்று அது எளிதில் கிடைக்கவும் இல்லை. ஒரு நர்ஸ் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்க வேண்டிய இடத்தில், போன மாதம் மாத்திரை வாங்கிப் போனவர் இப்போது எப்படி இருக்கிறார் என்பது அவர் அடுத்த முறை வந்து நின்றால்தான் தெரியும். வராதவரைப் பற்றித் தெரியவே வழியில்லை.

ரிச்சர்ட் லெஸ்டர் என்ற கனடா மருத்துவர் அப்போது நைரோபியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கென்யச் சகாக்களும் திட்டமிட்ட ஆய்வுக்கு வெல்டெல் என்று பெயர். கைப்பேசியில் என்ன அனுப்புவது என்பதுதான் முதல் சிக்கல். மாத்திரை போட்டாயா என்று கேட்கலாம். ஆனால் அந்தக் கைப்பேசி யார் கையில் இருக்கும்? ஒரே கைப்பேசியைக் கணவனும் மனைவியும், சில சமயம் முழு வீடும் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. கருவி தனக்கே சொந்தமாக இருந்தாலும் திரை மின்னும்போது பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். மாத்திரை, மருத்துவமனை, எச்.ஐ.வி. ஆகிய எந்தச் சொல் அதில் தெரிந்தாலும் ஒரு பெண் வீட்டைவிட்டுத் துரத்தப்படலாம். ஒருவருக்கு வேலை போகலாம். இது கென்யாவுக்கு மட்டும் உரிய பயமில்லை என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதனால் "மாம்போ?" மட்டும் போயிற்று. யார் பார்த்தாலும் யாரோ ஒரு தோழி நலம் விசாரிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அது பொய்யும் இல்லை, உண்மையிலேயே நலம்தான் விசாரிக்கப்பட்டது. ரகசியத்தைக் காக்கக் குறியீடு எதையும் புதிதாகக் கண்டுபிடிக்காமல், ஊரில் எல்லோரும் சொல்கிற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

பதிலுக்கும் இரண்டு சொற்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். கஷ்டம் இருந்தால் "ஷிடா". எல்லாம் சரியாக இருந்தால் இன்னொரு சொல். அதைத் தமிழில் எழுதும்போது கை ஒரு கணம் நின்றுவிடுகிறது: "சாவா". அரபியிலிருந்து கிஸ்வாஹிலிக்கு வந்த அந்தச் சொல்லுக்குச் சமம், சரி, நலம் என்று பொருள். நம் காதில் அது மரணத்தைப் பற்றிய கேள்வியாக விழுகிறது. ஆனால் பழந்தமிழில் 'சாவா' என்றால் இறவாத என்றும் பொருள் உண்டு. அமிழ்தத்தைச் சாவா மருந்து என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். ஒரு மொழியின் 'நலம்' இன்னொரு மொழியில் சாவைக் கேட்டு, சாவில்லை என்றும் சொல்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு உயிரோடு இருக்கும் ஒருவர் திங்கட்கிழமை காலை தட்டி அனுப்பும் அந்தச் சொல்லை என்னால் இப்போது வேறு மாதிரிப் படிக்கவே முடிவதில்லை.

ஒரு திங்கட்கிழமை அந்தச் செய்தியோடு கூடவே போவோம். காலையில் மருத்துவமனை நர்ஸ் தன் கைப்பேசியில் தட்டுகிறார். அங்கிருந்து கோபுரம், செய்தி மையம், பிறகு மீண்டும் கோபுரம். மூன்று வகையான இடங்களுக்கு அது போனது. நைரோபியின் பும்வானி ஏழைகள் நெருக்கியடித்து வாழும் பகுதி. அதே நகரிலுள்ள காப்டிக் மருத்துவமனைக்கு ஓரளவு வசதியுள்ளவர்கள் வந்தார்கள். நகரத்துக்குத் தெற்கே மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம் சூழ்ந்த கஜியாடோ மூன்றாவது. பதில் அனுப்ப 48 மணி நேரம் அவகாசம். "சாவா" என்று வந்தால் நர்ஸ் குறித்துக்கொள்வார். "ஷிடா" என்று வந்தால் உடனே கூப்பிடுவார். இரண்டு நாளாகியும் ஒன்றும் வராவிட்டால் அப்போதும் கூப்பிடுவார்.

உயிர் இங்கேதான் இருக்கிறது. பலரும் இந்த ஆய்வை 'குறுஞ்செய்தி நினைவூட்டல்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. "மாம்போ?" எதையும் நினைவூட்டவில்லை. மாத்திரை என்ற பேச்சே அதில் இல்லை. பதிலுக்கு ஒருவர் காத்திருக்கிறார், பதில் வராவிட்டால் அவர் கவலைப்படுவார் என்பதை மட்டும் அது சொன்னது. யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்று தோன்றியதாக நோயாளிகளே பிறகு சொன்னார்கள்.

மொத்தம் 538 பேர். 273 பேருக்குச் செய்தி போனது, 265 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யா பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்து ஓடினார்கள். சாலைகள் அடைபட்டிருந்தபோது, எங்கோ ஓடிப்போன நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே கைப்பேசி ஒரு நூலாக நின்றது. லெஸ்டரும் அவருடைய சகா சாரா கரஞ்சாவும் 2008இல் மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதத்தின் தலைப்பிலேயே நெருக்கடி மேலாண்மை என்பதும் இடம்பெற்றது.

2010 நவம்பரில் லான்செட் இதழில் முடிவு வெளியானது. மாத்திரையை 95 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகப் போட்டதாகச் சொன்னவர்கள் செய்தி பெற்ற பக்கத்தில் 62 சதவீதம், பெறாத பக்கத்தில் 50. வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், ரத்தத்தைப் பார்ப்போம் என்றால், வைரஸ் அளவு அடங்கியவர்கள் அங்கே 57 சதவீதம், இங்கே 48. பதினொரு பேருக்கு வாரம் ஒருமுறை "மாம்போ?" அனுப்பினால் கூடுதலாக ஒருவரின் ரத்தத்தில் கிருமி அடங்குகிறது என்று கணக்குப் போட்டார்கள். கட்டடம் இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒரு சொல்லும், அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு நர்ஸும் மட்டும்.

அடுத்த ஆண்டே கென்யாவின் மேற்குப் பக்கம் சுலைம்போ என்ற ஊரில் நடந்த இன்னொரு ஆய்வு வெளிவந்தது. பொருளாதார அறிஞர் கிறிஸ்டியன் பாப்-எலெஷ் குழுவினருடையது அது. 431 பேரில் சிலருக்குத் தினமும், சிலருக்கு வாரம் ஒருமுறை நினைவூட்டல். சிலருக்குச் சுருக்கமாக, சிலருக்குத் தைரியமூட்டும் வார்த்தைகளோடு. வாரம் ஒருமுறை பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் ஒழுங்காக மாத்திரை போட்டார்கள். எதுவும் பெறாதவர்களில் 40. தினமும் பெற்றவர்களிடம் பலனே தெரியவில்லை. ஊக்க வார்த்தைகளைச் சேர்த்ததாலும் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை. தினமும் ஒலிக்கும் மணியை நம் காது ஒரு வாரத்தில் மறந்துவிடும் என்பது வீட்டில் அலாரம் வைப்பவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை எண்ணிக் காட்டியவர்கள் இவர்கள்.

2013இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் குறுஞ்செய்திக்கு இடம் கொடுத்தது. பும்வானியில் கிளம்பிய சொல் ஜெனிவா வரை போய்விட்டது.

நம் பக்கத்துக்கும் அதன் உறவினர் ஒருவர் வந்தார். பெங்களூரு மருத்துவர் அனிதா ஷெட் தலைமையில் தென்னிந்தியாவின் மூன்று சிகிச்சை மையங்களில் 631 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2014இல் முடிவு வந்தது. இங்கே வாரந்தோறும் நோயாளி தேர்ந்துகொண்ட மொழியில் தானியங்கிக் குரல் அழைப்பு வரும். பிறகு ஒரு படச் செய்தி. இரண்டு ஆண்டுகள் நெருங்கப் பார்த்தும் வித்தியாசம் எதுவும் இல்லை. மருந்து தோற்றவர்களின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காரணங்கள் பல இருக்கலாம். எனக்குப் படுவது ஒன்று: அந்தக் குரலுக்குப் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. "ஷிடா" என்று சொன்னால் கேட்பதற்கு அங்கே காது இல்லை.

ஆனால் இந்தச் சொல்லின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம் கிபேரா. நைரோபியின் தகரக் கூரைக் குடியிருப்பு. ஆப்பிரிக்காவின் பெரிய சேரிகளில் ஒன்று. வெல்டெல்லின் முதல் ஆய்வில் இருந்தவர்கள் மாத்திரை தொடங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டவர்கள். அதற்கு முந்தைய கட்டத்தில், பரிசோதனை முடிந்து 'இருக்கிறது' என்று கேட்ட அந்த நாளுக்கும் மருந்து தொடங்கும் நாளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் ஏராளமானவர்கள் காணாமல் போகிறார்கள். தமிழ்நாட்டில் பரிசோதனை நடக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். அது பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கும். கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமோ பெரும்பாலும் மாவட்டத் தலைநகரின் பெரிய மருத்துவமனையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பேருந்துப் பயணம். அந்தப் பேருந்தில் ஏறாமலே வீடு திரும்புகிறவர் எத்தனை பேர் என்று ஆலோசகர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

கிபேராவில் அன்று நிலைமை இன்னும் சிக்கலானது. கிருமி இருக்கிறது என்றாலும், ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காதவருக்கு அப்போது மருந்து கிடையாது. உடம்பில் ஒரு நோவும் இல்லாத, கையில் ஒரு மாத்திரையும் இல்லாத மனிதரிடம், மறுபடி வா, ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். வாழ்க்கையின் மிக மோசமான செய்தியைக் கொடுத்த கட்டடத்துக்கு அவர் எதற்காகத் திரும்பி வருவார்? அந்த மனிதரைத் தக்கவைக்க "மாம்போ?" உதவுமா என்று பார்க்க, புதிதாகத் தொற்று கண்டறியப்பட்ட 700 பேரைச் சேர்த்தார்கள். மியா வான் டெர் கோப் முன்னின்று நடத்திய இந்த ஆய்வில் 349 பேருக்கு வாரந்தோறும் செய்தி. 351 பேருக்கு இல்லை.

2018இல் முடிவு வந்தது. ஓராண்டு கழித்துத் தொடர்பில் இருந்தவர்கள் செய்தி பெற்றவர்களில் 79 சதவீதம், பெறாதவர்களில் 81. சொல் தோற்றுப்போனது.

முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல சொல்லாயிற்றே என்று மனம் அதன் பக்கம் வாதாடியது. பிறகு எண்களைத் திரும்பப் பார்த்தேன். செய்தியே பெறாத பக்கத்தில் நூற்றுக்கு 81 பேர் நின்றிருக்கிறார்கள். ஏழைக் குடியிருப்பின் ஒரு சுகாதார மையத்துக்கு இது சாதாரணமில்லை. ஏற்கெனவே அங்கே யாரோ நன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். மிச்சமுள்ள ஏறக்குறைய இருபது பேரை இழுத்துவரச் சொல்லின் கை எட்டவில்லை. அவர்களில் ஊரை விட்டுப் போனவர், எண்ணை மாற்றியவர், கைப்பேசி திருடுபோனவர், தனக்கு இது இல்லவே இல்லை என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டவர் எல்லோரும் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. மாத்திரை போடுகிறவரிடம் "என்ன சேதி?" என்று கேட்டால் அவருக்குச் சொல்ல ஒரு சேதி உண்டு. நேற்று கிருமி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, இன்னும் மருந்து தொடங்காமல் இருப்பவரிடம் அதே கேள்வி போய்ச் சேரும்போது அவர் என்ன பதில் எழுதுவார்? "சாவா" என்றும் சொல்ல முடியாது, "ஷிடா" என்று சொல்லவும் மனம் வராது.

அந்தப் பள்ளத்தைக் கடக்க வேறு சிலரும் முயன்றார்கள். உகாண்டாவின் உம்பராராவில் மார்க் சீட்னர் குழுவினர், ரத்தப் பரிசோதனை முடிவு மோசமாக இருந்தால் சீக்கிரம் வரச் சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். சிலருக்கு நேரடியாக, சிலருக்கு ரகசிய எண் போட்டுத் திறக்கும்படி, சிலருக்கு முன்பே சொல்லிவைத்த எழுத்துவரிசையாக. பூட்டுப் போட்ட செய்தியைவிட நேரடிச் செய்தியைத்தான் நோயாளிகள் சரியாகப் புரிந்துகொண்டு விரைவில் வந்தார்கள். ரகசியம் காக்க நாம் போடும் பூட்டு, படிப்பு குறைந்தவருக்குச் சுவராகிவிடுகிறது. எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு காரியம்: வந்தவர்களுக்கு வழிச்செலவைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூப்பிட்டால் மட்டும் போதாது, பேருந்துக்குக் காசும் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

கென்யாவின் நியான்சா பகுதியில் தாமஸ் ஒடேனி என்ற கென்ய மருத்துவர், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த தாய்மார்களுக்கும் செய்திகள் அனுப்பினார். பிரசவத்துக்குப் பிறகு மருத்துவமனைக்கு வந்த தாய்மார்கள் செய்தி பெறாதவர்களில் 11.8 சதவீதம், பெற்றவர்களில் 19.6. அதுவும் குறைவுதான். கைக்குழந்தையோடு வெளியே கிளம்புவது எவ்வளவு பாடு என்று தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் குழந்தைக்குப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் செய்தி பெறாத பக்கத்தில் 85.1 சதவீதம், பெற்ற பக்கத்தில் 92. பரிசோதனை செய்யாத குழந்தைக்கு மருந்து தொடங்க முடியாது. கிருமி இருந்தும் மருந்து தொடங்காத குழந்தைகளில் பாதிப் பேர் இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. அந்த ஏழு சதவீதத்தை நான் சின்னதாக நினைக்க மாட்டேன்.

கிபேராவின் அந்தப் பள்ளம் பிறகு வேறொரு வழியில் குறைந்தது. கிருமி இருப்பது தெரிந்ததும் எதிர்ப்பணு எண்ணிக்கையைப் பார்க்காமல் எல்லோருக்கும் மருந்து தொடங்கலாம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மறு ஆண்டு கென்யா ஏற்றது. இந்தியாவும் 2017இல் அதே பாதைக்கு வந்தது. போய்விட்டு மறுபடி வா என்று வெறுங்கையோடு அனுப்பும் காலம் முடிந்தது. எந்தக் குறுஞ்செய்தியும் செய்ய முடியாததை ஒரு விதியின் மாற்றம் செய்தது. ஆனால் மாத்திரை கைக்கு வந்த நாளிலிருந்து ஆயுள் முழுக்கத் திங்கட்கிழமைகள் இருக்கின்றன. அங்கே சொல்லுக்கு மறுபடி வேலை உண்டு. கென்யாவை விட்டு அது கனடாவின் வான்கூவர் வரை போயிற்று. அங்கே ஓக் ட்ரீ மருத்துவமனையில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டது. ஏழை நாட்டில் பிறந்த யோசனையைப் பணக்கார நாடு கடன் வாங்கியது.

ஒரு நர்ஸின் மேசைக்குத் திரும்புவோம். திங்கட்கிழமை அனுப்பியவை போய்விட்டன. அன்றே பல "சாவா" வந்துவிட்டன, செவ்வாயன்று இன்னும் சில. ஒன்றிரண்டு "ஷிடா" வந்ததும் கூப்பிட்டுப் பேசியாயிற்று. மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது என்கிறவர், மாத்திரை வாங்க வரப் பணமில்லை என்கிறவர். புதன்கிழமை காலை அவர் நோட்டைத் திறக்கிறார். பெயர்களுக்கு எதிரே கட்டங்கள். பதில் வந்த கட்டங்களில் குறி இருக்கிறது. காலியாக இருக்கும் முதல் கட்டத்தில் விரல் வைத்து, அந்த எண்ணை அழுத்தி, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்கிறார். மணி அடிக்கிறது.